சாண்டா குரூஸ் கடற்கரைப் பூங்காவும் அதன் 1911 குடைராட்டினமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே, ஃப்ரீமான்ட், சன்னிவேல் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களில் சாண்டா குரூஸ் கடற்கரைக்குப் போகாதவர்கள் குறைவு. போனவர்களில் பலர் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏறி, மக்காச்சோளம் தின்று, கடலில் கால் நனைத்துத் திரும்பிவிடுகிறார்கள். பூங்காவுக்குள்ளேயே ஒரு குடைராட்டினத்தில் நூறு வயதைத் தாண்டிய மரக்குதிரைகள் சுற்றிக்கொண்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கவனித்தவர்கள் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தருகிறேன்.

இந்தப் பூங்கா எங்கே இருக்கிறது? எவ்வளவு பழையது?

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, மான்டெரே வளைகுடாவின் வட கரையில் இருக்கிறது சாண்டா குரூஸ் நகரம். சான் லொரென்சோ ஆறு கடலில் கலக்கிற இடத்தை ஒட்டி, மணலுக்கும் தெருவுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கிறது பூங்கா. ஊரார் அதைப் ‘போர்ட்வாக்’ என்றுதான் சொல்வார்கள். இப்போதிருக்கும் பூங்கா 1907இல் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் இன்றும் நடந்துகொண்டிருக்கிற கேளிக்கைப் பூங்காக்களில் இதுவே மூத்தது.

யார் தொடங்கியது?

கடலில் குளித்தால் உடம்புக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். 1865இல் ஜான் லைப்ராண்ட் என்பவர் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் குளியல் விடுதி ஒன்றைத் திறந்தார். கடல் நீரில் முங்கிவிட்டு வந்து உடை மாற்றிக்கொள்ள ஓர் இடம், அவ்வளவுதான். அதைச் சுற்றிக் கடைகளும் விடுதிகளும் முளைத்தன. 1885இல் ஹவாய் அரச குடும்பத்து இளவரசர்கள் மூவர் அந்த முகத்துவாரத்தில்தான் செம்மரப் பலகைகளில் ஏறி அலைச்சறுக்கு ஆடினார்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் அலைச்சறுக்கு நடந்ததற்கு எழுத்தில் கிடைக்கிற முதல் சான்று அதுதான். பூங்காவின் கதைக்கு இது நேரடியாகத் தேவையில்லை. ஆனாலும் அந்தக் கரையில் நிற்கும்போது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

பூங்கா என்ற எண்ணத்தோடு வந்தவர் ஃபிரெட் ஸ்வான்டன். கையில் இருக்கிற பணத்தைவிடப் பத்து மடங்கு பெரிதாகக் கனவு காண்கிற ரகம். நியூயார்க்குக்குக் கோனி ஐலண்டு என்ற கடற்கரைக் கேளிக்கைப் பகுதி இருப்பதுபோல மேற்குக் கரைக்கும் ஒன்று வேண்டும் என்பதில் ஒற்றைக் காலில் நின்றார். 1904இல் ‘நெப்டியூன் கசீனோ’ என்ற பெரிய கட்டடத்தை எழுப்பினார். சூதாட்ட விடுதி என்று நினைத்துவிட வேண்டாம். நடனக்கூடமும் உணவகமும் கொண்ட கேளிக்கை மாளிகைகளுக்கு அன்று அப்படித்தான் பெயர் வைத்தார்கள். 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் வந்தது. கசீனோ அதற்குத் தப்பியது. ஆனால் இரண்டே மாதம் கழித்து, ஜூன் 22 அன்று, தீப்பிடித்து முழுதாக எரிந்துபோனது.

வேறு யாராக இருந்தாலும் கடையைக் கட்டியிருப்பார்கள். ஸ்வான்டன் சாம்பல் ஆறுவதற்குள் அடுத்த வரைபடத்தைக் கையில் எடுத்தார். வில்லியம் வீக்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த புதிய கசீனோவும், கடல் நீரைச் சூடாக்கி நிரப்பிய பெரிய உள்ளரங்க நீச்சல் குளமும் 1907 கோடையில் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டே லமார்க்கஸ் தாம்சனின் ‘சீனிக் ரயில்வே’ வந்தது. மலைக்காட்சிகளுக்கு நடுவே மெதுவாக ஏறி இறங்கும் அந்த வண்டிதான் இங்கே ஓடிய முதல் ரோலர் கோஸ்டர்.

இவ்வளவையும் செய்த ஸ்வான்டனுக்குக் கணக்குக் கைகொடுக்கவில்லை. 1912 வாக்கில் நொடித்துப்போனார். 1915இல் உருவான சாண்டா குரூஸ் சீசைடு கம்பெனி பூங்காவை எடுத்துக்கொண்டது. அதே கம்பெனிதான் இன்றும் நடத்துகிறது. ஸ்வான்டனை ஊர் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னாளில் அதே நகரத்துக்கு மேயரானார்.

குடைராட்டினத்தைச் செய்தது யார்?

சார்ல்ஸ் லூஃப். அமெரிக்கக் குடைராட்டினங்களைப் பற்றி எந்தப் பக்கம் படித்தாலும் இந்தப் பெயர் குறுக்கே வரும்.

1852இல், அப்போது டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்த ஹோல்ஸ்டைன் பகுதியில் பிறந்தவர். இன்று அது ஜெர்மனி. அப்பா கொல்லர், வண்டி செய்பவர். 1870இல், பதினெட்டு வயதில், லூஃப் கப்பலேறி நியூயார்க் வந்தார். புரூக்ளினில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் செதுக்கு வேலை கிடைத்தது. பகலெல்லாம் நாற்காலிக்கும் அலமாரிக்கும் பூ வேலைப்பாடு. சாயங்காலம் அங்கே மிஞ்சிய மரத்துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குதிரைகளும் மற்ற விலங்குகளும் செதுக்கினார். அப்படிச் சேர்ந்ததை வட்ட மேடை ஒன்றில் பொருத்தி, 1876இல் கோனி ஐலண்டில் ஒரு குளியல் விடுதியில் நிறுவினார். கோனி ஐலண்டுக்கு வந்த முதல் குடைராட்டினம் அதுதான். தொழிற்சாலை வேலையை விட்டுச் சொந்தப் பட்டறை போட வழி செய்ததும் அதுதான்.

1905இல் ரோட் ஐலண்டு மாநிலத்துக்கும், 1910இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சுக்கும் பட்டறையை மாற்றினார். மேற்கே வந்த மறு ஆண்டு, 1911இல், சாண்டா குரூஸுக்கு இந்த ராட்டினத்தைக் கொடுத்தார். 1916இல் சான்டா மோனிகாவில் கடலுக்குள் நீளும் கேளிக்கைப் பாலம் ஒன்றையும் கட்டினார். 1918இல் காலமானார். நாற்பது ஆண்டுத் தொழிலில் அவர் கைவைத்த ராட்டினங்களில் ஒரு கைப்பிடி அளவே இன்று முழுதாக மிஞ்சியிருக்கிறது. ரோட் ஐலண்டின் கிரெசன்ட் பார்க்கில் 1895இல் அமைத்தது ஒன்று. மகளின் திருமணப் பரிசாக அவர் செய்து, ஸ்போகேன் நகரில் 1909இல் நிறுவப்பட்டது இன்னொன்று. சாண்டா குரூஸில் இருப்பது இன்னொன்று.

எத்தனை குதிரைகள்? எல்லாம் மரமா?

73 குதிரைகள், இரண்டு ரதங்கள். எல்லாம் மரம், எல்லாம் கையால் செதுக்கியவை.

முழு மரத்தில் ஒரு குதிரையைக் குடைந்தெடுத்தால் கனம் தாங்காது. அதோடு, மரம் உலர உலர உடம்பின் நடுவே பிளவு ஓடும். அதனால் பலகைகளை ஒட்டிப் பெட்டிபோல உள்ளே வெற்றிடம் விட்டு உடலைச் சேர்ப்பார்கள். தலை, கழுத்து, நான்கு கால்கள் எல்லாம் தனித்தனி. தலையும் பிடரியும் தேர்ந்த சிற்பியின் பொறுப்பு. கால், உடம்பு போன்றவை இளையவர்களுக்குப் போகும். மரத்தின் ரேகை காலின் நீளத்தோடு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஏறி இறங்குகிற பிள்ளைகளின் பாரத்தில் கணுக்காலில் முறிந்துவிடும். பழைய குதிரைகளில் ஒட்டு வேலை அதிகம் தெரிகிற இடம் கால்தான்.

லூஃபின் கையை அடையாளம் காண்பது எளிது. கண்ணாடிக் கண்கள். சேணத்திலும் நெற்றிப் பட்டையிலும் பதித்த வண்ணக் கண்ணாடிக் கற்கள். நிஜக் குதிரை மயிரில் வால். வாய் திறந்து பல் தெரியும். பிடரி காற்றில் பறக்கும். இந்தப் பாணியைக் கோனி ஐலண்டு பாணி என்பார்கள். பிலடெல்பியாச் சிற்பிகள் குதிரையின் தசையையும் நரம்பையும் அச்சு அசலாகக் கொண்டுவர மெனக்கெட்டார்கள். கோனி ஐலண்டுக்காரர்கள் விளக்கொளியில் மின்ன வேண்டும் என்று நினைத்தார்கள். அந்தப் பட்டறைகளில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதச் சிற்பிகளும் இருந்தார்கள். தொழுகைக் கூடங்களுக்கு மரச் சிங்கங்கள் செதுக்கிய கைகள் அமெரிக்காவில் குழந்தைகள் ஏறும் குதிரைகளைச் செதுக்கின.

குதிரையின் ஒரு பக்கம் மட்டும் அதிக அலங்காரமாக இருக்கிறதே?

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். அமெரிக்க ராட்டினங்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். ஆகவே வெளியே நிற்கும் கூட்டத்துக்குத் தெரிவது குதிரையின் வலது பக்கம். கற்களும் பூக்களும் பட்டைகளும் அந்தப் பக்கமே குவிந்திருக்கும். இடப்பக்கத்தை எளிமையாக முடித்துவிடுவார்கள். உள் வரிசைக் குதிரைகள் வெளி வரிசையைவிட உருவிலும் சிறியவை, வேலைப்பாட்டிலும் குறைந்தவை. இங்கிலாந்தில் ராட்டினம் கடிகாரத் திசையில் சுற்றுவதால் அங்கே எல்லாம் இடம் மாறிவிடும்.

வளையம் பிடிக்கும் விளையாட்டு என்கிறார்களே, அது என்ன?

இந்த ராட்டினத்தின் உயிரே அதுதான் என்பேன்.

மேடைக்கு வெளியே, எட்டினால் கைக்கு அகப்படும் தூரத்தில், நீட்டிய கை போல ஒரு கருவி இருக்கிறது. அதன் நுனியில் ஓர் உலோக வளையம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளி வரிசைக் குதிரையில் இருப்பவர் இடக்கையால் பித்தளைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, உடம்பை வலப்பக்கம் சாய்த்து, ஆள்காட்டி விரலைக் கொக்கி போல மடக்கிக்கொள்ள வேண்டும். குதிரை மேலே போகும் நேரத்தில் கருவியைக் கடந்தால் கை உயரத்தில் நிற்கும், கீழே வரும் நேரத்தில் கடந்தால் தாழ்வில் நிற்கும். சுற்றுக்குச் சுற்று இது மாறும். வளையம் விரலில் மாட்டியதும் ‘டக்’ என்று கழன்று வரும். உடனே அடுத்தது நுனிக்கு வந்து நிற்கும், பின்னால் வருபவருக்காக.

கையில் கிடைத்ததை என்ன செய்வது? கொஞ்சம் தள்ளிச் சுவரில் பெரிய கோமாளி முகம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். ஓடும் குதிரையிலிருந்தே அதன் வாய்க்குள் எறிய வேண்டும். சரியாக விழுந்தால் விளக்கு எரியும், மணி அடிக்கும். சிறுவர்களைவிட அப்பாக்கள்தான் இதில் வெறி பிடித்து இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் பல ராட்டினங்களில் இந்த ஏற்பாடு இருந்தது. இரும்பு வளையங்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு பித்தளை வளையம் வரும். அது கிடைத்தவருக்கு அடுத்த சுற்று இலவசம். வியாபாரத் தந்திரமும் அதில் உண்டு. பல ராட்டினங்களில் வெளி வரிசைக் குதிரைகள் துள்ளாதவை; அந்த வரிசைக்கு ஆள் சேர்க்க அது உதவியது. பிற்பாடு விபத்து, வழக்கு, காப்பீட்டுச் செலவு என்று பயந்து ஒவ்வொரு பூங்காவாகக் கருவியைக் கழற்றிவிட்டது. இன்று அமெரிக்காவில் வளையம் பிடிக்கக் கிடைக்கும் ராட்டினங்கள் மிகச் சில. கோமாளி வாய்க்கு எறியும் வசதியோடு கிடைப்பது அதிலும் அரிது.

இந்த விளையாட்டு ராட்டினத்தைவிட வயதில் மூத்தது. பதினேழாம் நூற்றாண்டு பிரான்சில் குதிரை வீரர்கள் பாய்ந்து வந்து, தொங்கும் வளையத்தை ஈட்டி முனையில் கோர்த்தெடுக்கும் பந்தயம் அரசவைக் கொண்டாட்டமாக நடந்தது. பதினான்காம் லூயி 1662இல் பாரிஸில் நடத்திய விழா பெயர் பெற்றது. அதற்குப் பயிற்சி எடுக்க, நடுவில் தூண் நட்டு, அதைச் சுற்றிச் சுழலும் மரக்குதிரைகளைச் செய்தார்கள். அந்தப் பயிற்சிக் கருவியிலிருந்து வளர்ந்ததுதான் குடைராட்டினம். பிள்ளைகள் விளையாட வந்தபோது ஈட்டி போய் விரல் வந்தது; வளையம் மட்டும் தொங்கியபடியே இருக்கிறது.

குதிரைகள் எப்படித் துள்ளுகின்றன?

தலைக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். நடுத்தூணிலிருந்து கம்பிகள் குடைக் கம்பிபோல வெளியே ஓடும். ஒவ்வொரு கம்பியும் சில இடங்களில் வளைந்து முழங்கை மடக்கியதுபோல் இருக்கும். மேடை சுற்றும்போது பல்சக்கரங்கள் இந்தக் கம்பிகளையும் உருட்டிவிடும். வளைவில் தொங்கும் குதிரை அதனால் ஏறி இறங்கும். பக்கத்துப் பக்கத்து வளைவுகள் வெவ்வேறு திசையில் மடங்கியிருப்பதால் ஒரு குதிரை ஏறும்போது அதன் பக்கத்துக் குதிரை இறங்கும். எளிய எந்திரம். எண்ணெய் போட்டுத் தேய்மானம் பார்த்துக்கொண்டால் தலைமுறை தலைமுறையாக ஓடும்.

அந்த இசை எங்கிருந்து வருகிறது? ஒலிநாடாவா?

இல்லை. உண்மையான காற்றிசைப் பெட்டி. ஜெர்மனியின் வால்ட்கிர்ஷ் என்ற சிற்றூரில் ரூத் அண்ட் சோன் பட்டறை 1894இல் செய்தது. ராட்டினத்தைவிடப் பதினேழு வயது மூத்தது. 342 குழல்கள். துருத்தி காற்றை அடைத்துத் தர, எந்த நேரத்தில் எந்தக் குழலுக்குக் காற்றைத் திறப்பது என்பதை எந்திரமே பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் நின்றால் காது அடைக்கும். திறந்தவெளியில், கடல் இரைச்சலையும் கூட்டத்தின் கூச்சலையும் தாண்டிக் கேட்க வேண்டும் என்று கட்டப்பட்டது.

போர்ட்வாக்குக்குப் பின்னாளில் வந்துசேர்ந்த இன்னோர் இசைப்பெட்டியும் உண்டு: உர்லிட்சர் 165. துளையிட்ட காகிதச் சுருளில் பாட்டு இருக்கும். துளை வரும் இடத்தில் காற்று புகுந்து குழலையும் மேளத்தையும் இயக்கும். இது சான் பிரான்சிஸ்கோவின் கடற்கரையில் இருந்த ‘பிளேலாண்டு’ பூங்காவில் வாசித்தது. அந்தப் பூங்கா 1972இல் மூடப்பட்டது. அங்கே இருந்த குடைராட்டினமும் லூஃப் செய்ததே. 1906இல் சான் பிரான்சிஸ்கோவுக்கென்று தயாரானது. நிலநடுக்கத்தில் நகரமே சரிந்து கிடந்ததால் சியாட்டிலுக்குப் போனது. சில ஆண்டுகள் கழித்து உரிய ஊருக்கு வந்து, பூங்கா மூடியதும் மறுபடி ஊர் ஊராக அலைந்து, லாங் பீச்சில் சில காலம் ஓடி, 1998இல் சான் பிரான்சிஸ்கோ நகர நடுவில் யெர்பா பூவெனா தோட்டத்துக்கு வந்திருக்கிறது. குதிரைகள் பிழைத்தன, இசைப்பெட்டியும் பிழைத்தது. ஆனால் ஒன்றையொன்று பிரிந்துவிட்டன; குதிரைகள் கடலையும் பிரிந்துவிட்டன. எனக்கு அதை நினைத்தால் ஆறுவதில்லை.

மற்ற கடற்கரைப் பூங்காக்களெல்லாம் போய்விட இது மட்டும் எப்படி நிலைத்தது?

ஒரு காலத்தில் கலிஃபோர்னியாக் கரை நெடுகப் பூங்காக்கள் இருந்தன. அலமீடாவின் நெப்டியூன் பீச் 1939இல் மூடியது. சான்டா மோனிகாவின் பசிபிக் ஓஷன் பார்க் 1958இல் ஆர்ப்பாட்டமாகத் திறந்து 1967இல் படுத்தது. லாங் பீச்சின் ‘பைக்’ 1979இல் முடிந்தது. காரணங்கள் ஊருக்கு ஊர் வேறு. கார் வந்தது, ரயிலில் கடற்கரைக்குப் போகும் வழக்கம் தேய்ந்தது, வேலிபோட்டுக் கட்டணம் வாங்கும் பெரிய பூங்காக்கள் வந்தன. எல்லாவற்றையும்விடக் கடலோர மனையின் விலை ஏறியது. ஒரு ராட்டினம் வருடம் முழுக்கச் சுற்றிச் சம்பாதிப்பதை ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எத்தனை நாளில் சம்பாதிக்கும் என்று கணக்குப் பார்த்தால் குதிரை தோற்றுத்தான் போகும்.

சாண்டா குரூஸில் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை என்பதுதான் என் பதில். 1915இலிருந்து ஒரே கம்பெனி. 1950களிலிருந்து அதன் பொறுப்பில் உள்ளூர் கேன்ஃபீல்ட் குடும்பம். பூங்காவே அவர்கள் தொழில். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஏறுகிற ஆட்டத்துக்கு மட்டும் காசு என்பதால் ஊர்க்காரர்கள் சும்மா நடந்துவிட்டுப் போகவும் வருகிறார்கள். பூங்கா ஊரோடு ஒட்டியே இருந்தது.

அதற்காக எதுவும் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். 1907இன் நீச்சல் குளம் 1960களில் மூடப்பட்டது. சீனிக் ரயில்வே 1924லேயே போய்விட்டது. லாபம் தராததை எடுத்திருக்கிறார்கள், புதிதாகப் பல ஆட்டங்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ராட்டினத்தில் மட்டும் கைவைக்கவில்லை.

அந்தப் பெரிய வெள்ளை ரோலர் கோஸ்டருக்கும் ராட்டினத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அப்பா செய்தது ராட்டினம், மகன் கட்டியது ‘ஜயன்ட் டிப்பர்’. சார்ல்ஸ் லூஃபின் மகன் ஆர்தர் லூஃப், சீனிக் ரயில்வேயை அகற்றிய இடத்தில், 47 நாட்களில் அதைக் கட்டி முடித்தார். செலவு 50,000 டாலர். 1924 மே 17 அன்று ஓடத் தொடங்கியபோது கட்டணம் 15 சென்ட். 70 அடி உயரம், சுமார் அரை மைல் நீளம், முழுக்க மரச் சட்டங்கள். நிலநடுக்கமும் பலூன் பயணமும் விமானம் விழுவதும் ஒன்றாகச் சேர்ந்தாற்போல் இருக்க வேண்டும் என்பது ஆர்தரின் ஆசையாம். கிளம்பியதும் கும்மிருட்டான சுரங்கத்துக்குள் விழுந்து எழும் அந்த முதல் சில நொடிகளிலேயே அவர் சொன்னது புரிந்துவிடும்.

இவற்றுக்கு அரசுப் பாதுகாப்பு உண்டா?

1987இல் குடைராட்டினமும் ஜயன்ட் டிப்பரும் சேர்ந்து அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி பெற்றன. பெருமை பெரிதுதான். ஆனால் அந்தப் பட்டம் தனியார் சொத்தை விற்கக் கூடாது, இடிக்கக் கூடாது என்று தானாகவே தடுத்துவிடாது. கடைசியில் உரிமையாளரின் மனசுதான் காவல்.

பழைய ராட்டினக் குதிரைகளைத் தனித்தனியாக ஏலம் விட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. குடைராட்டினங்களின் வரலாற்றில் மிகவும் வருத்தம் தருகிற அத்தியாயம் அது.

1930களின் பொருளாதாரச் சரிவோடு மரக்குதிரை செதுக்கும் பட்டறைகள் நின்றுபோயின. அதன் பிறகு அலுமினியம், அப்புறம் ஃபைபர்கிளாஸ். இனி யாரும் செய்யப்போவதில்லை என்று ஆனதும் பழையவற்றுக்கு மவுசு வந்தது. 1970, 80களில் வீட்டுக் கூடத்தில் அலங்காரமாக நிறுத்த ஒற்றைக் குதிரைக்குப் பல ஆயிரம் டாலர் கொடுக்கச் சேகரிப்பாளர்கள் தயாரானார்கள். முழு ராட்டினமாக விற்றால் கிடைப்பதைவிடக் குதிரை குதிரையாகப் பிரித்து விற்றால் அதிகம் கிடைத்தது. நொடித்துக்கொண்டிருந்த பூங்கா முதலாளிகளைக் குறைசொல்லி என்ன பயன்? கடன்காரன் வாசலில் நிற்கிறான். இப்படியே ஒவ்வொன்றாகப் பிரிந்தன. சில ஆயிரம் இருந்ததாகச் சொல்லப்படும் மர ராட்டினங்களில் முழுதாக மிஞ்சியவை இருநூறைத் தாண்டாது.

இதைத் தடுக்கவேண்டும் என்ற அக்கறையோடு 1973இல் தேசியக் குடைராட்டினச் சங்கம் உருவானது. பல ஊர்களில் பொதுமக்கள் காசு திரட்டித் தங்கள் ராட்டினத்தைத் தாங்களே மீட்டார்கள்.

இவ்வளவு அருமையானதை அருங்காட்சியகத்தில் வைக்காமல் ஏன் ஓட்டித் தேய்க்கிறார்கள்?

இந்தக் கேள்வியை நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: ஓடுவதால்தான் அது பிழைத்திருக்கிறது.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும், ஈரம் பலகை ஒட்டுகளைப் பிரிக்கும், பிள்ளைகளின் செருப்பு வண்ணத்தைச் சுரண்டும். எல்லாம் சரி. ஆனால் தினமும் ஓடுகிற எந்திரத்தில் ஒரு பல்சக்கரம் முனகினால் அன்றைக்கே ஒருவர் காதில் விழும். ஒரு காலில் மயிரிழை விரிசல் விட்டால் துடைக்கிறவர் கையில் தட்டுப்படும். குதிரையை எடுத்துப் பழைய வண்ணப் பூச்சுகளை அடுக்கடுக்காக நீக்கி, ஒட்டுப் போட்டு, மறுபடி பூசி, மேடைக்குக் கொண்டுவர ஆளும் தேவை, அந்த ஆளுக்குச் சம்பளமும் தேவை. டிக்கெட் வாங்கி ஏறுகிற பிள்ளைகள்தான் அந்தச் சம்பளத்தைத் தருகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் போன குதிரைக்குத் தூசு தட்ட ஆள் இருப்பார். இசைப்பெட்டியைச் சுருதி சேர்க்கவும், வளையக் கருவியைச் சரிபார்க்கவும் தெரிந்த ஆள் இருக்க மாட்டார். பத்து வருடம் ஓடாமல் நின்றுவிட்டால் அந்தக் கைப்பழக்கம் மறைந்துவிடும்.

1989 நிலநடுக்கத்தில் சேதம் இல்லையா?

லோமா பிரியெட்டா நிலநடுக்கத்தின் மையம் சாண்டா குரூஸிலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவில்தான். நகரின் கடைவீதியில் பழைய செங்கல் கட்டடங்கள் இடிந்து உயிர்ச்சேதமும் ஆனது. ஜயன்ட் டிப்பர் நின்றது. மரச் சட்டங்கள் ஆடிக் கொடுக்கும், செங்கல் ஆடாது.

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அழைத்துப்போகலாமா? எப்போது நல்லது?

தாராளமாக. கோடையில் தினமும் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் வார இறுதிகளில்தான். புறப்படும் முன் அன்றைக்கு என்னென்ன ஓடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சான் ஹோசேயிலிருந்து 17ஆம் நெடுஞ்சாலையில் மலையைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் கோடைச் சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் கிளம்பினால் அந்த வளைவுகளில் ஊர்ந்துதான் வரவேண்டும், பார்க்கிங்குக்கும் அலையவேண்டும். காலையில் முன்னதாக வாருங்கள். ஜூன், ஜூலையில்கூடக் காலையில் கடல் மூடுபனி இருக்கும். பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் அவசியம்.

ரயில் பிடித்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1927 முதல் 1959 வரை, போர்க்காலம் நீங்கலாக, சான் பிரான்சிஸ்கோவிலிருந்தும் சான் ஹோசேயிலிருந்தும் ‘சன்டேன் ஸ்பெஷல்’ என்ற விடுமுறை ரயில் நேராகக் கடற்கரைக்கே வந்துகொண்டிருந்தது. அது நின்றுவிட்டாலும், ஃபெல்ட்டனிலிருந்து செம்மரக் காட்டு வழியாகச் சுற்றுலா ரயில் ஒன்று பூங்கா வாசலுக்கு வருகிறது. அம்மாக்களுக்கு அது மிகவும் பிடிக்கும்.

முட்டிவலி உள்ளவர்கள் ஏற முடியுமா?

குதிரை வேண்டாம், ரதத்தில் உட்காரலாம். துள்ளாது, ஏறுவதும் சுலபம். பேரப்பிள்ளை குதிரையில், பாட்டி பின்னால் ரதத்தில் என்று போகிற குடும்பங்களை எப்போதும் பார்க்கலாம். வளையம் பிடிக்க விருப்பமுள்ளவர்கள் வரிசையில் சற்றுப் பொறுமையாக நின்று, வெளி வரிசைக் குதிரை காலியாகிற சுற்றுக்கு ஏறுங்கள். சிறு குழந்தைகளை உள் வரிசையில் ஏற்றி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்லது. வெளி வரிசை அதே நேரத்தில் பெரிய வட்டத்தைச் சுற்றுவதால் வேகம் கூடுதல்.

ஒரு வளையத்தை ஞாபகார்த்தமாக எடுத்து வரலாமா?

வேண்டாம். இப்படி எடுத்துக்கொண்டு போகிறவர்களால் வளையங்கள் தொடர்ந்து குறைந்துகொண்டே போகின்றன; புதிதாகச் செய்து செய்துதான் ஈடுகட்டுகிறார்கள். மற்ற ராட்டினங்களில் இந்த விளையாட்டு நின்றுபோனதற்குச் செலவும் ஒரு காரணம். கோமாளி வாயில் விழாவிட்டாலும் பரவாயில்லை, எறிந்துவிடுங்கள். சுற்று முடிந்த பிறகும் கையில் இருந்தால் இறங்கும்போது ஊழியரிடம் கொடுத்துவிடுங்கள்.